குடியிருப்போர் நலச் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2023-24

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், பொதுக்குழுவுக்கு வருகை தந்துள்ள உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

சந்தா வசூல், பொங்கல் விழா, காவலாளர் ஊதிய உயர்வு ஆகியவை வழக்கம்போல் நிறைவேறின. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் சமர்ப்பிப்பார். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது நமது வேளச்சேரிக் குடியிருப்பில் நடந்ததையே நான் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

2015 வெள்ளத்துக்குப் பிறகு சுற்றுச்சுவரை உயர்த்தினோம். வாயிலில் இரும்புத் தடுப்பு அமைத்தோம். தரைக்குக் கீழுள்ள வாகன நிறுத்தத்தில் நீரிறைக்க இரண்டு மோட்டார்களைப் பொருத்தினோம். இனி எந்த மழைக்கும் அஞ்ச வேண்டியதில்லை என்று சென்ற ஆண்டு இதே மேடையில் வாசித்தவன் நான்தான். அதை வருத்தத்துடன் திரும்பப் பெறுகிறேன்.

டிசம்பர் 4 அன்று விடியற்காலையில் தண்ணீர் வாயில் வழியாக வரவில்லை. மோட்டார்கள் தெரு வடிகாலுக்குள் தள்ளிய தண்ணீர், மேற்கொண்டு போக இடமின்றி, நம் வளாகத்து வடிகால் குழியின் மூடியைத் தூக்கிக்கொண்டு கறுப்பாகப் பொங்கி உள்ளேயே திரும்பியது. இறைக்க இறைக்க அதே தண்ணீர்தான் சுற்றி வருகிறது என்பதைக் காவலாளர்தான் முதலில் கண்டு சொன்னார். சிறிது நேரத்தில் மின்சாரம் நின்றது. ஜெனரேட்டரும் சுவிட்ச் பேனலும் அதே கீழ்த்தளத்தில் மூழ்கியதால் மோட்டார், லிஃப்ட், குடிநீர் மூன்றும் ஒருசேர முடங்கின. ஆக்சிஜன் கருவியை நம்பி நான்காம் மாடியில் இருந்த மூத்த உறுப்பினரை இளைஞர்கள் நாற்காலியில் அமர்த்திப் படிவழியே சுமந்து இறக்கினார்கள். அவர்களுக்கு இச்சங்கம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது.

நம் பகுதி வெள்ளம் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தை அடைந்து, ஒக்கியம் மடுவு என்னும் நீரோடை வழியாகப் பக்கிங்காம் கால்வாயில் இறங்கி, கோவளம் முகத்துவாரத்தில் கடல் சேர வேண்டும். கட்டடங்களும் குப்பைமேடும் தின்றது போக எஞ்சிய சதுப்பு நிலம்தான் 2022-இல் ராம்சர் தலமானது, அதாவது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. அதுவும் நிரம்பி, புயலால் கடலும் கொந்தளித்து நிற்கும்போது எந்த மோட்டாராலும் தண்ணீரை எங்கே அனுப்ப முடியும்? அடையாற்றின் குறுக்கே ஓடுபாதை அமைத்த விமான நிலையமே 2015-இல் பல நாள் மூடிக் கிடந்ததைக் கண்ட பிறகும், இரண்டு மோட்டார்களை நம்பி நாம் நிம்மதியாக உறங்கினோம்.

கூடுதல் குதிரைத்திறன் கொண்ட மோட்டார் வாங்கலாம் என்ற உறுப்பினர் சிலரின் கோரிக்கையை, மேற்சொன்ன காரணத்தால் செயற்குழு ஏற்கவில்லை. மாறாக, பேனலும் ஜெனரேட்டரும் 2015 வெள்ளக்கோட்டுக்கு மேலே மாற்றப்பட்டுள்ளன. முற்றத்துச் சிமென்ட் தளத்தைப் பெயர்த்து மண்தரையாக்கவும், மடுவைத் தூர்வாரி ஆக்கிரமிப்புகளை அகற்றக் கோரும் மனுவில் அண்டைச் சங்கங்களுடன் இணைந்து கையொப்பமிடவும், வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே முதியோரைக் கீழ் வீடுகளிலிருந்தும் உயர் மாடிகளிலிருந்தும் பாதுகாப்பாக வெளியேற்றும் ஏற்பாட்டைச் செய்து முடிக்கவும் பொதுக்குழுவின் ஒப்புதலைக் கோரி, இவ்வறிக்கையைப் பணிவுடன் சமர்ப்பிக்கிறேன்.

செயலாளர்