ஹைப்பர்னா மேல, ஹைப்போன்னா கீழ

ஆசிரியருக்கு வணக்கம்,

நம்ம பேப்பர்ல வர்ற மருத்துவப் பக்கம், மாணவர் பக்கம் ரெண்டையும் விடாம படிக்கிறவ நான். ஆரம்ப எழுத்து ஒரே மாதிரி இருக்கிற இங்கிலீஷ் வார்த்தைங்கள பக்கத்துல பக்கத்துல வச்சு அர்த்தம் போடுங்கன்னு கேக்கத்தான் எழுதுறேன், பரீட்சைக்காக மட்டும் இல்ல, உயிர் விஷயம் இது.

ஹைப்பர், ஹைப்போ ரெண்டும் கிரேக்கத்துல இருந்து வந்தது. ஹைப்பர்னா மேல, ஹைப்போன்னா கீழ. ஹைப்பர்டென்ஷன், ஹைப்போடென்ஷன்ங்கிறத தமிழ்ல உயர் ரத்த அழுத்தம், தாழ் ரத்த அழுத்தம்னு சொன்னா யாருக்கும் குழப்பம் வராது, ஆனா இங்கிலீஷ்லயும் சரி மலாய்லயும் சரி முன்னாடி எழுத்து ஒண்ணாவே இருக்கிறதால கிளினிக்ல மிஸ்ஸி (நர்ஸ்) வேகமா சொல்லிட்டுப் போறப்ப பெரியவங்க காதுல ரெண்டும் ஒண்ணாத்தான் விழுது. எங்க பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு இனிப்பு நீர் (சர்க்கரை வியாதி), இன்சுலின் போடுறவங்க, ஒரு நாள் விடியகாலையில வேர்த்துக் கொட்டி கை நடுங்கி ஏதோ உளற ஆரம்பிச்சுட்டாங்க, மகன் சீனி ஏறிடுச்சுன்னு நெனச்சு தேத்தண்ணி கூட குடுக்க விடல, மெஷின்ல குத்திப் பாத்தா ரத்தத்துல சீனி 3 mmol/L-க்கும் கீழ! 4-க்குக் கீழ போனாலே ஹைப்போ, அதாவது ஹைப்போகிளைசீமியா, ரத்தத்துல சீனி இறங்கிப் போறது. உடனே 3 டீஸ்பூன் சீனிய தண்ணியில கரைச்சுக் குடுத்து 15 நிமிஷம் கழிச்சு திரும்பக் குத்திப் பாக்கணும், நினைவில்லாம கிடந்தா வாயில எதையும் ஊத்தாம ஆஸ்பத்திரிக்குத் தூக்கணும். அந்த நேரத்துல ஹைப்பர்னு, அதாவது சீனி ஏறிடுச்சுன்னு நெனச்சு இன்னொரு இன்சுலின் போட்டா ஆளே போயிடும்.

பிள்ளைங்களுக்கு சுலபமா சொல்லலாம். ஹைப்பர்மார்க்கெட் சூப்பர்மார்க்கெட்டுக்கும் மேல பெருசு, ஹைப்போடெர்மிக் ஊசி தோலுக்குக் கீழ போறது.

இன்னொண்ணு, இங்கிலீஷ்ல முன்னாடி 'இன்' வந்தா 'இல்ல'ன்னு பள்ளிக்கூடத்துல சொல்லித் தர்றாங்க, இன்கரெக்ட், இன்விசிபிள் எல்லாம் அப்படித்தான், தப்பில்ல. அதே பிள்ளை பெயிண்ட்ல கலக்குற தின்னர் டின்ல இன்ஃபிளேமபிள்னு படிச்சா தீப்பிடிக்காதுன்னுதானே நெனைக்கும்? ஆனா அர்த்தமோ சீக்கிரம் தீப்பிடிக்கும்னு, அந்த 'இன்' லத்தீன்ல வேற 'இன்'. இந்தக் குழப்பத்தாலதான் அமெரிக்காவுல 1920-கள்லயே தீத்தடுப்புக்காரங்க அந்த 'இன்'ன எடுத்துட்டு ஃபிளேமபிள்னு எழுதச் சொன்னாங்க. மலாய்ல மூடா தெர்பாக்கார்னு போட்டிருந்தா பிள்ளைங்களுக்குப் புரிஞ்சிடும், இங்கிலீஷ் மட்டும் போட்ட பழைய டின்னுங்க இன்னும் எத்தனையோ வீட்டு ஸ்டோர்ல கிடக்கு.

அதனால மாணவர் பக்கத்துல வாரம் ஒரு ஜோடி போடுங்க. மருத்துவப் பக்கத்துல ஹைப்போகிளைசீமியான்னு வர்ற ஒவ்வொரு இடத்துலயும் பக்கத்துலயே தாழ் சர்க்கரைன்னு சேத்துடுங்க, எழுத்தையும் கொஞ்சம் பெருசாப் போட்டா பெரியவங்க வெட்டி ஐஸ்பெட்டியில ஒட்டி வச்சுக்குவாங்க.

இப்படிக்கு,
வாசகி,
சுங்கை சிப்புட், பேராக்