வைஃபை கோடுகள் முழுதாக இருந்தும் நெட் ஏன் வரவில்லை?

ஆசிரியர் அவர்களுக்கு,

நெட் வரவில்லையா, ரூட்டரை அணைத்துப் போடுங்கள் என்பதோடு பெரும்பாலான யோசனைகள் முடிந்துவிடுகின்றன. பல நேரம் அது பலிக்கவும் செய்யும். பலிக்காதபோது ரூட்டரின் சின்னத் துளையில் ஊசியை விட்டு ரீசெட் செய்துவிடுகிறார்கள். இணைப்பு தரும் நிறுவனத்தின் பயனர் பெயர், கடவுச்சொல் உள்ளிட்ட அமைப்புகள் அழிந்து, ஐந்து நிமிட வேலை இரண்டு நாள் வேலையாகிவிடுகிறது.

செல்பேசியில் தெரியும் வைஃபை கோடுகள் அந்தக் கருவிக்கும் ரூட்டருக்கும் இடையே அலை எவ்வளவு வலுவாக இருக்கிறது என்பதை மட்டுமே காட்டும். வெளியே கேபிள் அறுந்து கிடந்தாலும் கோடுகள் குறையாது. எனவே பழுதை அருகிலிருந்து தொடங்கி வெளியே நோக்கித் தேட வேண்டும்.

விண்டோஸ் கணினியில் கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து 'ஐபிகான்ஃபிக்' (ipconfig) கட்டளை கொடுங்கள். ஐபி முகவரி, அதாவது வலையமைப்பில் கணினிக்கு உள்ள எண், 169.254 என்று தொடங்கினால், முகவரி வழங்க வேண்டிய டிஹெச்சிபி (வழக்கமாக ரூட்டரிலேயே இருக்கும் வசதி) பதில் தரவில்லை, கணினி தானாகவே ஒன்றை வைத்துக்கொண்டது என்று பொருள். கேபிளையும் ரூட்டரையும் பாருங்கள். 192.168 அல்லது 10 என்று தொடங்கினால் பெரும்பாலும் அந்தக் கட்டம் தாண்டியாயிற்று. அடுத்து, கீழே 'டீஃபால்ட் கேட்வே' என்றிருக்கும் எண்ணுக்கு, அதாவது ரூட்டரின் முகவரிக்கு, பிங் (ping என்று அடித்து அந்த எண்ணைக் கொடுத்தால் போகும் சோதனைச் செய்தி) அனுப்புங்கள். பதில் வந்தால் ரூட்டர் வரை பாதை சரி. பிறகு இணையத்தில் உள்ள கூகுளின் 8.8.8.8 என்ற முகவரிக்கு அனுப்புங்கள். இங்கே பதில் இல்லையென்றால் கோளாறு பெரும்பாலும் ரூட்டருக்கு வெளியே. புகார் தரும்போது இதையும் சொன்னால் பாதிக் கேள்விகள் குறையும். பதில் வந்தும் இணையதளங்கள் மட்டும் திறக்கவில்லையென்றால் முதல் சந்தேகம் டிஎன்எஸ் மேல்தான். இணையதளத்தின் பெயரை எண்ணாக மாற்றித் தருவது அது. டிஎன்எஸ் முகவரியை 1.1.1.1 (கிளவுட்ஃப்ளேர் நிறுவனத்தின் பொது டிஎன்எஸ்) என்று மாற்றிப் பாருங்கள். (சில ரூட்டர்கள் பிங்குக்குப் பதில் தராதபடி அமைக்கப்பட்டிருக்கும். 8.8.8.8 பதில் தந்தால் கேட்வேயின் மௌனத்தைப் பொருட்படுத்த வேண்டாம்.)

அடிக்கடி நடக்கும் இன்னொரு தவறு, சிக்னல் போதவில்லை என்று பழைய ரூட்டரையும் சேர்த்து மாட்டுவது. லேன் துளைகள் (வீட்டுக் கருவிகளைக் கேபிளால் இணைக்கும் துளைகள்) வழியே இரண்டையும் இணைத்தால் இரண்டும் முகவரி வழங்கத் தொடங்கும். சில கருவிகளுக்கு நெட் வரும், சிலவற்றுக்கு வராது. ஒரு மணி நேரம் கழித்து அதுவும் மாறும். இதைப் போல ஆளைச் சுற்றலில் விடும் கோளாறு வேறில்லை. முதல் ரூட்டர் 192.168.1.1 என்றால், பழையதற்கு 192.168.1.2 என்று கொடுத்து, அதன் டிஹெச்சிபியை அணைத்த பிறகே லேன் துளையில் கேபிளைச் செருக வேண்டும்.

வேகம் விநாடிக்கு 95 மெகாபிட்டைத் தாண்ட மறுக்கிறது என்ற புகாரும் உண்டு. 100 மெகாபிட்டுக்கு கேபிளின் எட்டுக் கம்பிகளில் 1, 2, 3, 6 ஆகிய நான்கே போதும். ஜிகாபிட்டுக்கு (1000 மெகாபிட்) எட்டும் வேண்டும். மற்ற நான்கில் ஒன்று கேபிள் முனையின் கனெக்டரில் சரியாகப் பதியாவிட்டாலும், இணைப்பு பெரும்பாலும் அறுந்துபோகாமல் சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிக்கொள்ளும். புது ரூட்டர் வாங்குமுன் கேபிளை மாற்றிப் பார்க்கலாம்.

இப்படிக்கு,
வலையமைப்புப் பராமரிப்பாளர் ஒருவர்