குரோட்டின் கிரேக்க வரலாறு

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஆங்கிலேய வரலாற்றாசிரியர் ஜார்ஜ் குரோட் 1846 முதல் 1856 வரை 12 தொகுதிகளாக வெளியிட்ட கிரேக்க வரலாறு, ஏதென்ஸின் மக்களாட்சிக்கு அளவுமீறிப் பரிந்து பேசுகிறது என்று வாசகர்கள் சிலர் கருதுவதில் ஓரளவு உண்மை உண்டு. ஏதென்ஸின் அரசியல் தலைவர் கிளியோனுக்காக அவர் வாதாடும் பக்கங்கள் என்னையும் உறுத்தின. ஆனால், அவருக்கு முன் கிரேக்க வரலாறு எழுதிய ஆங்கிலேயர் மிட்ஃபோர்ட் அதே மக்களாட்சியை வெறுப்போடு அணுகியவர் என்பதை மறந்துவிட்டு இந்நூலை எடைபோடுவது நியாயமாகாது. முதல் ஒலிம்பிக் போட்டியின் ஆண்டாகக் கருதப்படும் கி.மு. 776-க்கு முந்தைய கதைகளை வரலாற்றிலிருந்து பிரித்து வைத்த துணிவும், வங்கித் தொழிலில் இருந்துகொண்டே மூலநூல்களில் அவர் பெற்ற புலமையும் வியப்பூட்டுகின்றன.

அந்த மக்களாட்சியின் இரு முகங்களையும் அவர் விவரிக்கும் ஒரு நிகழ்ச்சி காட்டுகிறது: கி.மு. 427-இல், தனக்கு எதிராகக் கிளர்ந்த மித்திலீன் நகரத்து ஆண்கள் அனைவரையும் கொல்லத் தீர்மானித்து ஆணையோடு ஒரு கப்பலை அனுப்பிய ஏதென்ஸ் சபை, மறுநாளே மனம் மாறி அதைத் தடுக்க இரண்டாவது கப்பலை அனுப்பியது. துடுப்பு வலித்தவர்கள் மதுவும் எண்ணெயும் விட்டுப் பிசைந்த வாற்கோதுமை மாவை உண்டபடியே விரைந்து, கடைசித் தருணத்தில் அந்நகரைக் காத்தார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்