அலுமாரிச் சாவியோடு பிள்ளைகளையும் கையளியுங்கள்

சிறுவர், மகளிர், சமூக சேவைத் துறைகளில் நியமனத்தையும் இடமாற்றத்தையும் தீர்மானிக்கும் அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய ஐயா, அம்மணி,

மட்டக்களப்பு மாவட்டத்தில், வாவிக்கு மேற்கே படுவான்கரையிலுள்ள ஒரு பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தராக நான் கடமையேற்று ஆறு மாதம் ஆகிறது. அரச ஊழியருக்கான விதிகளைக் கொண்ட தாபனக் கோவைக்குக் கட்டுப்பட்டவள் என்பதால் என் பெயரையும் கந்தோரின் பெயரையும் எழுதவில்லை. இதில் வரும் பிள்ளையை யாரும் அடையாளம் காணாதபடி சில விபரங்களை மாற்றியிருக்கிறேன். மற்றதெல்லாம் நடந்தது நடந்தபடி.

முதல் நாள் விடியவே மழை. ஆரையம்பதியில் திரும்பி மண்முனைப் பாலத்தால் ஸ்கூட்டியில் போனேன். 2014 இல் அந்தப் பாலம் திறக்கும் வரை அவ்விடத்தில் வாவியைக் கடப்பதென்றால் 'பாதை' என்று நாங்கள் சொல்லும் மிதவைக்குக் காத்து நிற்க வேண்டும். ஆட்களையும் மோட்டார் சைக்கிளையும் ஒன்றாக ஏற்றிக்கொண்டு ஆடி அசைந்து போகும் அந்தப் பாதையில் சின்ன வயதில் அம்மாவோடு கொக்கட்டிச்சோலைக் கோயிலுக்குப் போன ஞாபகம் இருக்கிறது. இன்று சில நிமிடத்தில் அக்கரை. நேரத்துக்கே போய் வரவுப் புத்தகத்தில் கையொப்பம் வைத்தேன்.

கடமையேற்புக் கடிதம் கொடுத்து முடிந்ததும் ஒரு பொருட்பட்டியலை நீட்டினார்கள். மேசை 1, கதிரை 2, இரும்பு அலுமாரி 1, துளையிடும் கருவி 1. ஒவ்வொன்றிலும் பெயின்ரால் இலக்கம் எழுதியிருந்தது. கதிரையைத் திருப்பி அடியில் இருந்த இலக்கத்தைக்கூடச் சரிபார்த்த பிறகுதான் கையொப்பம் வாங்கினார்கள். அதில் ஒரு பிழையும் இல்லை, அரசாங்கச் சொத்துக்குக் கணக்கு வேண்டும்தான். பிறகு கந்தோர் உதவியாளரான கே.கே.எஸ். அண்ணன் அலுமாரிச் சாவியைத் தந்து, "எல்லா ஃபைலும் இதுக்குள்ளதான் மிஸ்" என்றார். எனக்கு முன் அந்த மேசையில் இருந்தவர் மூன்று கிழமைக்கு முதலே வேறு மாவட்டத்துக்கு மாறிப் போயிருந்தார். அந்த மூன்று கிழமையும் அலுமாரி பூட்டிக் கிடந்தது.

பத்தரை மணி போல ஒரு பெத்தா வந்தா. கூடவே பதினான்கு வயதுப் பேத்தி. பஸ்ஸை விட்டு இறங்கி மழையில் நடந்து வந்திருக்கிறார்கள், இருவர் உடுப்பிலும் முழங்கால் வரை சேறு. என் மேசை மண்டபத்தின் நடுவில். ஒரு பக்கம் அஸ்வெசும நலன்புரிக் கொடுப்பனவு மேன்முறையீட்டுக்கு வந்தவர்கள், மறுபக்கம் மாதாந்த உதவிப்பணம் கேட்டு வந்தவர்கள். (அதைப் 'பிச்சைச் சம்பளம்' என்று சொல்லும் வாய்கள் இன்னும் இருக்கின்றன. அந்தச் சொல்லைக் கந்தோருக்குள் கேட்கும்போது எனக்கு நெஞ்சு வலிக்கிறது.)

"மத்த மிஸ் எங்க மகள்?" என்றா பெத்தா. அவ மாறிப் போயிட்டா, இனி நான்தான் என்றேன். பெத்தா ஒன்றும் பேசவில்லை. ஃபைலை எடுத்தேன். பிறப்புச் சான்றிதழின் போட்டோ பிரதி, தாயின் பாஸ்போர்ட் பிரதி, ஐந்து திகதிகள். ஒவ்வொரு திகதிக்கும் எதிரே ஒரே வரி: 'வீட்டுத் தரிசிப்பு மேற்கொள்ளப்பட்டது, ஆலோசனை வழங்கப்பட்டது.' பிள்ளை ஏன் பள்ளிக்கூடம் போகாமல் நின்றாள் என்று அதில் இல்லை. அதனால் கேட்டேன். கேட்டது என் பிழை.

"எல்லாத்தையும் அந்த மிஸ்ஸுக்கிட்டச் சொல்லிப்போட்டம் மகள். மறுகா மறுகா சொல்ல ஒண்ணா."

பிள்ளை நிலத்தைப் பார்த்தபடி ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: "அந்த மிஸ் என்ட கொப்பிய வாங்கி வச்சா. இங்க இரிக்கா?"

அலுமாரியில் தேடினேன். கிடைக்கவில்லை. அடுத்த கிழமை வரச் சொல்லி அனுப்பிவிட்டு, மகளிர் அபிவிருத்தி உத்தியோகத்தரிடம் நம்பர் வாங்கி, முன்பு இருந்த அக்காவுக்கு மத்தியானம் கோல் எடுத்தேன். எடுத்த எடுப்பிலேயே, "கீழ்த் தட்டில, பழைய கலண்டருக்குப் பின்னால இருக்கும். வாசிக்காதீங்க, அப்படியே அவகிட்டக் குடுங்க" என்றார். இருபது நிமிடம் பேசினோம். அந்தப் பிள்ளை ஆண்கள் நிற்கும் இடத்தில் வாய் திறக்காது. பள்ளிக்கூடம் போகும் வழியில் என்ன நடந்தது. தாய் குவைத்திலிருந்து எந்த இரவில் கதைப்பா, அதற்கு அடுத்த நாள் பிள்ளையிடம் எதுவும் கேட்கக் கூடாது. எல்லாவற்றையும் விட, வேறு பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிடுவதாக அவர் வாக்குக் கொடுத்திருந்தார். பெத்தாவும் பேத்தியும் மழைக்குள் வந்தது அந்த வாக்கை நம்பி. எனக்கோ அப்படியொரு வாக்கு இருப்பதே தெரியாது.

ஏன் அக்கா ஃபைலில் எழுதவில்லை என்று கேட்டேன். "எல்லாரும் திறக்கிற அலுமாரி அது. அதுல எப்படி எழுதி வைக்கிறது?" என்றார். அவர் செய்தது சரி என்றே நினைக்கிறேன். ஃபைலை இன்னும் விரிவாக எழுதச் சொல்லி நீங்கள் ஒரு சுற்றறிக்கை அனுப்பினாலும் இது தீராது. எங்கள் வேலையில் முக்கியமானது கடதாசியில் ஏறாது. ஒரு ஆள் இன்னொரு ஆளிடம் வாயால் சொல்லித்தான் கைமாற வேண்டும். அவருக்கோ இடமாற்றக் கடிதம் கிடைத்து நான்கு நாளில் விடுவிப்பு. யாரிடம் சொல்வார்? நான் அப்போது வந்திருக்கவே இல்லை.

படுவான்கரையில் இது அடிக்கடி நடப்பதற்குக் காரணம் உங்களுக்குத் தெரிந்ததுதான். எங்களில் அநேகம் பேர் சூரியன் எழும் பக்கத்தில், எழுவான்கரையில், குடியிருப்பவர்கள். வீடும் பிள்ளைகளின் பள்ளிக்கூடமும் அங்கே. காலம் முடிந்ததும் மாற்றம் கேட்பது இயல்பு, அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் யுத்தத்தில் அதிகம் அடிபட்ட கிராமங்களில்தான் உத்தியோகத்தரும் அடிக்கடி மாறுகிறார். இந்தச் சனம் இடப்பெயர்வுக் காலத்திலும், 2009 க்குப் பிறகும், வெள்ளம் வந்த ஒவ்வொரு முறையும் யார் யாருக்கோ பெயர் பதிந்து கொடுத்திருக்கிறது. "பதிஞ்சிட்டுப் போவாங்க" என்பது இங்கே பழமொழி மாதிரி. புதிதாக வருகிற ஒவ்வொருவரும் பழைய கேள்வியையே கேட்டால், நாங்களும் அந்த வரிசையில் சேர்ந்துவிடுகிறோம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இந்தப் பிள்ளைக்கு ஐந்து வயது நிரம்பிய பிறகுதான் தாய் வெளிநாடு போனா. ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை உள்ள தாய் வீட்டு வேலைக்குப் போக முடியாது என்று 2013 இல் சட்டதிட்டம் வந்திருந்தது. அதற்கான குடும்பப் பின்னணி அறிக்கை எங்கள் பிரதேச செயலகங்களின் வழியாகவே போனது. 2022 இல் பொருளாதார நெருக்கடிக்குள் அந்த வயதெல்லை இரண்டாகக் குறைக்கப்பட்டது. தாய்மார் பிழைப்பதற்காகப் போகிறார்கள், அவர்களைத் தடுக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. ஆனால் இரண்டு, மூன்று வயதிலேயே பெத்தாமாரிடம் விடப்படும் பிள்ளைகளையும் இனி நாங்கள்தான் பார்க்க வேண்டும். அந்த வயதுப் பிள்ளை பழகிய முகத்தைத்தான் நம்பும்.

நான் கேட்பதற்குப் புதிய கட்டடமோ வாகனமோ தேவையில்லை. ஒருவர் விடுவிக்கப்படுவதற்கு முன் அவருக்குப் பதிலாக வருபவர் கடமையேற்க வேண்டும். இருவரும் பத்து வேலை நாளாவது ஒன்றாக இருக்க வேண்டும். அந்த நாட்களில் போகிறவர் வருகிறவரைக் கூட்டிக்கொண்டு வீடு வீடாகப் போய், "இனி இவதான் வருவா, என்னட்டச் சொன்னதுல எத இவகிட்டச் சொல்லலாம்?" என்று அந்தக் குடும்பத்தையே கேட்க வேண்டும். எது கைமாறலாம், எது கூடாது என்று தீர்மானிக்கும் உரிமை பிள்ளைக்கு உண்டு. கொடுத்த வாக்குகளை மட்டும் ஒரு தாளில் எழுதி இருவரும் கையொப்பமிட வேண்டும். கதிரைக்குப் பொருட்பட்டியல் இருக்கும்போது வாக்குக்கும் ஒன்று இருக்கலாம். கந்தோரில் கதவு பூட்டக்கூடிய ஒரு சின்ன அறை கிடைத்தால் பெரிய உதவி. களஞ்சிய அறையில் பாதியைத் தந்தாலே போதும், நாங்களே துப்புரவாக்கிக் கொள்வோம்.

கொப்பியை அடுத்த கிழமை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். பிள்ளை வாங்கி, நான் திறந்து பார்த்தேனா என்று முகத்தைப் பார்த்தாள். இல்லை என்றேன். அன்றைக்கும் அவள் என்னோடு பேசவில்லை. நான்காவது முறை போனபோதுதான் வளவுக்குள் கதிரை எடுத்துப் போட்டாள். அதற்குள் பள்ளிக்கூட அனுமதிக்கு நாங்கள் எடுக்க வேண்டிய கடிதத்தின் திகதி கடந்துவிட்டது. இப்போது மறுபடி விண்ணப்பித்திருக்கிறோம்.

வருடாந்த இடமாற்றப் பட்டியலை இந்த ஆண்டும் தயாரிப்பீர்கள். ஒரு வருடம் என் பெயரும் அதில் வரும். வரும்போது என்னை நான்கு நாளில் விடுவிக்காதீர்கள். அந்த வளவுக்கு அடுத்தவரைக் கூட்டிக்கொண்டு போக எனக்குப் பத்து நாள் தாருங்கள்.

இப்படிக்கு,
படுவான்கரையில் கடமையாற்றும் ஒரு சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர்