எங்கள் பிள்ளைகளை நாகர்கோவிலுக்கு வந்து பாருங்கள்

மாநில இளையோர் கிரிக்கெட் அணித் தேர்வுக்குப் பொறுப்பேற்றிருக்கும் பெரியோர்களுக்கு,

வணக்கம். கடந்த மாதம் நடைபெற்ற 16 வயதுக்குட்பட்டோர் தேர்வுக்குக் கன்னியாகுமரி மாவட்டத்திலிருந்து வந்து, ஆறு பந்துகளை மட்டும் ஆடிவிட்டுத் திரும்பிய மாணவனைப் பற்றி, ஓய்வு பெற்ற உடற்கல்வி ஆசிரியரான நான் தங்கள் அலுவலகத்துக்கு எழுதிய கடிதம் வந்து சேர்ந்ததற்கான ஒப்புகை அட்டை என்னிடம் இருக்கிறது. பதில் வராத காரணத்தால் இம்மடலைப் பொதுவில் எழுதுகிறேன். தேர்வு நடந்த ஊரையோ, அன்று அங்கே அமர்ந்திருந்தவர்களின் பெயர்களையோ நான் இங்கே குறிப்பிடப் போவதில்லை. தங்களுக்கு அவை தெரியும், மற்றவர்களுக்கு அவை தேவையில்லை. கேட்பது ஒன்றுதான்: முதற்கட்டத் தேர்வை எங்கள் மாவட்டத்திலேயே, நாகர்கோவிலில் வைத்து, குறைந்தது பதினைந்து நாள்களுக்கு முன்பாக அறிவித்து நடத்துங்கள்.

இதை எழுதத் தூண்டியது அந்த ஆறு பந்துகள்கூட இல்லை. தேர்வு முடிந்து வெளியே வந்த தங்கள் பிரதிநிதி ஒருவர், வாசலில் நின்ற மாணவனின் தாயாரிடம், "பீகார்ல ஒரு பையன் பதினாலு வயசுல ஐபிஎல்லில் செஞ்சுரி அடிக்கிறாம்மா. அவங்க அப்பா நிலத்தையே வித்திருக்காரு. பெத்தவங்க கொஞ்சம் தியாகம் பண்ணணும்" என்று அறிவுரை கூறினார். அவர் நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருப்பார் என்று எடுத்துக்கொள்கிறேன். ஆனால் அவர் யாரிடம் சொன்னார் என்பதைத் தாங்கள் அறிய வேண்டும்.

அந்தத் தாயார் திருவட்டாறு பக்கத்தில் ஒரு அண்டி ஆபீசில் முந்திரிக்கொட்டை உடைக்கிறவர். கிலோ கணக்கில் கூலி. போகாத நாளுக்குக் காசில்லை. கொட்டையின் எண்ணெய் பட்டுப் பட்டு அவருடைய விரல் நுனிகள் கறுத்துத் தோல் உரிந்திருக்கும். தேங்காய் எண்ணெய் தேய்த்துக் கழுவினாலும் அந்தக் கறை போகாது. ரயிலில் அந்தக் கைகளைச் சேலைத் தலைப்புக்குள் மறைத்து வைத்தபடியே வந்தார். விற்பதற்கு அவருக்கு நிலம் இல்லை. இருந்திருந்தால் அதையும் விற்றிருப்பார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை, ஆனால் விற்ற பணத்தைக் கொண்டு எங்கே போய் எதை வாங்கியிருப்பார் என்பதைத்தான் தங்கள் பிரதிநிதி சொல்லவில்லை.

தேர்வு நடக்கும் செய்தி முந்தைய நாள் நண்பகலில் வாட்ஸ்அப்பில் வந்தது. மறுநாள் காலை எட்டு மணிக்கு வெள்ளைச் சீருடையில், பிறப்புச் சான்றிதழோடும் ஆதாரோடும் மைதானத்தில் இருக்க வேண்டும். செய்தி வந்த அன்று அந்த மாணவனுக்குப் பள்ளியில் பருவத் தேர்வு. வகுப்பிலிருந்து அவனை அழைத்துக்கொண்டு, அண்டி ஆபீசுக்குப் போய் அவனுடைய அம்மாவையும் கூட்டிக்கொண்டு, மாலையில் நாகர்கோவிலில் ரயில் ஏறினோம். அந்த நேரத்தில் முன்பதிவு கிடைக்குமா? பொதுப்பெட்டியில் கழிவறைக்குப் பக்கத்தில், கிரிக்கெட் பையின் மேலேயே அமர்ந்து இரவைக் கழித்த பையன், காலையில் ரயில் நிலையக் குழாயடியில் முகம் கழுவி உடை மாற்றிக்கொண்டு நேராகக் கிரிக்கெட் பயிற்சி வலைக்கு வந்தான்.

அவன் காலில் கட்டியிருந்த பேடு இரவல். அதன் வார் அறுந்திருந்ததால், வள்ளத்தில் மீன்பிடிக்கப் போகும் ஒரு நண்பன் கொடுத்த மீன்வலை நூலால் நானே பின்னிக் கட்டியிருந்தேன். தேர்வாளர் ஒருவர் அதைச் சுட்டிக்காட்டிப் பக்கத்திலிருந்தவரிடம் ஏதோ சொல்ல, இருவரும் சிரித்தார்கள். அதுகூடப் போகட்டும். பெற்றோரும் பயிற்சியாளர்களும் கம்பிவேலிக்கு வெளியேதான் நிற்க வேண்டும் என்பது விதி. ஆகவே ஆறு பந்துகளையும் வேலிக்கு வெளியே நின்றுதான் பார்த்தேன்.

எங்கள் பள்ளி மைதானத்தில் செம்மண் தரையின் மேல் மேட்டிங் என்னும் விரிப்பைப் போட்டு ஆடுகிறோம். அதில் பந்து குத்தினால் இடுப்புக்கு எழும்பும். அந்த மாணவன் அதுவரை டர்ஃப் பிட்சில், அதாவது புல்தரை ஆடுகளத்தில், கால் வைத்ததில்லை. முதல் பந்து அவன் எதிர்பார்த்த உயரத்துக்கு வராமல் மட்டைக்கு அடியில் சறுக்கிப் போயிற்று. இரண்டாவது பேடில் பட்டது. மூன்றாவது மட்டையின் உள்விளிம்பில் உரசியது. நான்காவது பந்துக்கு அவன் முன்காலைக் கொஞ்சம் கூடுதலாக நீட்டி, மட்டையைத் தாழ்த்தித் தடுத்தான். அப்போதே எனக்குப் புரிந்தது, பிட்ச் அவனுக்குப் பிடிபட்டுவிட்டது என்று. ஐந்தாவது பந்து வந்த வழியே திரும்பிப் பந்துவீச்சாளரைத் தாண்டிச் சென்றது. ஆறாவதைக் கவர் திசையில் அடித்தான், வலை குலுங்கியது. அடுத்த பையனின் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

"சாரே, இன்னும் ஒரு நாலு பந்து கூடி போட்டுக் குடுக்கச் சொல்லப்பிடாதா?" என்று அவனுடைய அம்மா என்னிடம் கேட்டார். நான் உள்ளே போக முடியாது. காவலாளியிடம் சொல்லி அனுப்பினேன். அடுத்த வருடம் வரச் சொல்லுங்கள் என்று பதில் வந்தது. அடுத்த வருடம் அவன் 16 வயதுக்குட்பட்டோர் பிரிவில் ஆட முடியாது, வயது கடந்துவிடும். பதிலைச் சொன்னவர் தம் முன்னால் இருந்த பிறப்புச் சான்றிதழைப் பார்த்திருந்தால் இது அவருக்கே தெரிந்திருக்கும். அதற்காகத்தானே அதைக் கட்டாயம் கொண்டுவரச் சொன்னீர்கள்?

இனி, தங்கள் பிரதிநிதி உதாரணம் காட்டிய பிள்ளையைப் பற்றிப் பேசலாம். வைபவ் சூர்யவன்ஷியை எனக்கும் மிகவும் பிடிக்கும். 2025 ஏப்ரல் 28 அன்று ஜெய்ப்பூரில் குஜராத் அணிக்கு எதிராக 35 பந்துகளில் சதம் அடித்த இரவில், எங்கள் தெருவில் உறங்கியவர் யாருமில்லை. அவனுடைய தந்தை நிலத்தை விற்றார் என்பதும், சமஸ்திபூர் மாவட்டத்துத் தாஜ்பூரிலிருந்து ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பாட்னாவுக்கு அவனை அழைத்துப் போய் வந்தார் என்பதும், அவனுக்காகச் சமைத்துக் கொடுக்கத் தாயார் நாளுக்கு மூன்று மணி நேரம்தான் உறங்கினார் என்பதும் நாடறிந்த செய்திகள். அவர்களை வணங்குகிறேன். ஆனால் தங்கள் பிரதிநிதி அந்தக் கதையில் பெற்றோரின் பங்கை மட்டும் சொல்லி, மற்றவர்களின் பங்கை விட்டுவிட்டார்.

பாட்னாவில் அவனுக்கு ஒரு பயிற்சியாளர் இருந்தார், வலை இருந்தது, பந்து வீச அவனைவிட மூத்த பையன்கள் இருந்தார்கள். நாளொன்றுக்கு 600 பந்துகள் வரை ஆடினான் என்று செய்திகளில் வந்தது. எங்கள் மாணவனின் ஆறு பந்துகளுக்குப் பக்கத்தில் அந்த எண்ணை வைத்துப் பாருங்கள். 2000இல் ஜார்க்கண்ட் பிரிந்ததற்குப் பிறகு பல ஆண்டுகள், 2018-19 பருவம் வரை, மாநில அணிகள் மோதும் ரஞ்சிக் கோப்பையில் சொந்த அணியே இல்லாமல் கிடந்த மாநிலம் பீகார். அந்த மாநிலம் 12 வயதுப் பிள்ளையை 19 வயதுக்குட்பட்டோருக்கான வினூ மன்கட் கோப்பையில் ஆட வைத்தது. 13 வயது நிறைவதற்கு முன்பே, 2024 ஜனவரியில், மும்பைக்கு எதிராக ரஞ்சிப் போட்டியில் இறக்கியது. அதில் அவன் எடுத்தது முதல் இன்னிங்ஸில் 19, அடுத்ததில் 12. அதற்காக யாரும் அவனைக் கதவுக்கு வெளியே நிறுத்தவில்லை. அதே ஆண்டு அக்டோபரில் நம் சேப்பாக்கத்திலேயே ஆஸ்திரேலிய இளையோர் அணிக்கு எதிராக 58 பந்துகளில் சதம் கண்டான். அந்தச் சதத்துக்கு வழி விட்டது 19க்கும் 12க்கும் பிறகு காட்டப்பட்ட பொறுமை.

ராஜஸ்தான் ராயல்ஸ் என்னும் ஐபிஎல் அணி அவனை நாக்பூருக்கு வரவழைத்துச் சோதித்தபோது, ஓர் ஓவரில் 17 ரன் வேண்டும் என்று ஒரு நிலையை வைத்து ஆடச் சொன்னார்கள், அவன் மூன்று சிக்ஸர் அடித்தான் என்று அவனுடைய தந்தை செய்தியாளரிடம் கூறியிருந்தார். அதன் பிறகே 2024 நவம்பர் ஐபிஎல் ஏலத்தில் அவனை 1.10 கோடி ரூபாய்க்கு எடுத்தார்கள். ஒரு பிள்ளைக்கு என்ன வரும் என்று தெரிந்துகொள்ள விரும்புகிறவர்கள் இப்படித்தான் பார்ப்பார்கள். வலையில் ஓர் ஓவர் போட்டுவிட்டு அடுத்த பெயரைக் கூப்பிடுவது வருகைப்பதிவு எடுப்பதற்குத்தான் சரி.

அவ்வளவு தூரம் பீகாருக்குப் போவானேன், நம் மாநிலத்திலேயே வேகப்பந்து வீச்சாளர் நடராஜன் இருக்கிறார். சேலம் மாவட்டத்துச் சின்னப்பம்பட்டியில் டென்னிஸ் பந்தில் ஆடிக்கொண்டிருந்தவர். 2014-15 பருவத்தில் ரஞ்சியில் அறிமுகமானதும் பந்துவீச்சு முறை சந்தேகத்துக்குள்ளாயிற்று. அன்று அவரைத் திருத்தி மீட்க ஆள் இருந்தார்கள். அதனால்தான் 2020-21 ஆஸ்திரேலியப் பயணத்துக்கு வலைப் பந்துவீச்சாளராகப் போனவர், அந்த ஒரே பயணத்தில் மூன்று வகைப் போட்டிகளிலும் இந்தியாவுக்காக அறிமுகமானார். பிறகு அவர் தம் ஊரில் தம் முயற்சியால் ஒரு கிரிக்கெட் மைதானமே அமைத்துக் கொடுத்தார். பெருமையாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு கிராமத்துப் பிள்ளை இந்தியாவுக்கு ஆடி, சம்பாதித்து வந்து, தானே மைதானம் கட்டினால்தான் அடுத்த பிள்ளைக்கு ஆட இடம் என்றால், தங்களைப் போன்ற நிர்வாகிகள் எதற்கு இருக்கிறீர்கள் என்று யாராவது கேட்டால் நாங்கள் என்ன பதில் சொல்வது?

எங்கள் மாவட்டத்தைப் பற்றியும் கொஞ்சம். ஆனி, ஆடியில் ஒரு மழை, ஐப்பசி, கார்த்திகையில் இன்னொரு மழை என்று இரண்டு பருவமழையையும் வாங்குகிற மண் இது. ஆண்டில் பாதி நாள் மைதானத்தில் தண்ணீர் நிற்கும். மிச்ச நாளில் பொருட்காட்சிக்கும் பொதுக்கூட்டத்துக்கும் பந்தல் போடுவார்கள்; குழி தோண்டிய பந்தல்காரர் அதை மூடிவிட்டுப் போன வரலாறு எங்கள் ஊரில் கிடையாது. இத்தனைக்கும் நடுவே தூத்தூர்க் கடற்கரை மணலில் ஆடிப் பழகிய பிள்ளைகள் சந்தோஷ் கோப்பைக் கால்பந்து அணி வரை போயிருக்கிறார்கள். ஆகவே எங்கள் பிள்ளைகளுக்கு உடம்பில் வலுவில்லை, மனதில் ஆசையில்லை என்று மட்டும் தயவுசெய்து சொல்லாதீர்கள். போராடி, 1956 நவம்பர் 1 அன்று தமிழ்நாட்டோடு சேர்ந்தவர்கள் நாங்கள். கேரள எல்லையிலுள்ள களியக்காவிளையில் பஸ் ஏறினால் இரண்டு மணி நேரத்துக்குள் திருவனந்தபுரம் காரியவட்டத்துச் சர்வதேச மைதானத்தின் வாசலில் இறங்கலாம். ஆனால் எங்கள் சொந்த மாநிலத்துத் தேர்வாளர் கண்ணில் பட ஓர் இரவு முழுக்க ரயிலில் வர வேண்டியிருக்கிறது. நாளை இங்கிருந்து ஒருவன் இந்தியச் சட்டை போட்டுவிட்டால், வடசேரிப் பேருந்து நிலையத்தில் வாழ்த்துப் பதாகை வைக்க எத்தனை பேர் இடம் பிடித்துக்கொண்டு வருவார்கள் என்பதையும், அந்தப் பதாகைகளில் யார் யாருடைய படம் பையனின் படத்தைவிடப் பெரிதாக இருக்கும் என்பதையும் என்னால் இப்போதே சொல்லிவிட முடியும்.

கோரிக்கைக்கு வருகிறேன். முதற்கட்டத் தேர்வை நாகர்கோவிலில் வைத்து நடத்துங்கள். ஐம்பது பிள்ளைகளை எழுநூறு கிலோமீட்டர் அலைக்கழிப்பதைவிட, இரண்டு தேர்வாளர்கள் முன்பதிவு செய்த பெட்டியில் படுத்து உறங்கியபடி இங்கே வந்து சேர்வது எளிது; செலவும் குறைவு. டர்ஃப் பிட்ச் வேண்டும் என்பது காரணமானால், திருநெல்வேலிக்கு அருகே சங்கர் நகரில் டிஎன்பிஎல் (தமிழ்நாடு பிரீமியர் லீக்) போட்டிகளே நடந்த மைதானம் இருக்கிறது. அங்கே நடத்தினாலும் எங்கள் பிள்ளைகள் காலையில் பஸ் ஏறி மாலையில் வீடு திரும்பிவிடுவார்கள், அவர்களின் தாய்மாருக்கும் ஒரு நாள் கூலி இழப்போடு போகும். தேர்வுக்கு முந்தைய நாள் அந்தப் பிட்சில் ஒரு மணி நேரம் பழக விடுங்கள். ஒரு மட்டையாளருக்குக் குறைந்தது ஐந்து ஓவர், ஒரு பந்துவீச்சாளருக்கு அதே அளவு என்று எழுத்தில் விதி செய்யுங்கள். முடிந்தால் வலையை விட்டுவிட்டு இரண்டு அணிகளாகப் பிரித்து ஓர் ஆட்டம் ஆட வைத்துப் பாருங்கள்.

ஆறு பந்து ஆடிய மாணவனுக்கு இந்த ஆண்டுக்கான வயது இன்னும் மீதம் இருக்கிறது. இறுதிப் பட்டியல் வெளியாகவில்லை என்றும் அறிகிறேன். அவனையும், அன்று அவனைப் போலவே திரும்பிய மற்றப் பிள்ளைகளையும் மறுபடி ஒருமுறை அழைத்துப் பார்க்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். பார்த்த பிறகும் தகுதியில்லை என்று தாங்கள் முடிவு செய்தால் நான் மறுபேச்சுப் பேசமாட்டேன். அவனிடமும் அவன் அம்மாவிடமும் அதை நானே சொல்லிக்கொள்கிறேன்.

தேதியை முடிவு செய்யும்போது அரையாண்டுத் தேர்வு நாள்களைத் தவிர்த்து உதவுங்கள். அறிவிப்பை வாட்ஸ்அப்போடு நிறுத்தாமல், மாவட்டத்திலுள்ள பள்ளித் தலைமையாசிரியர்களுக்கும் கடிதமாக அனுப்புமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஓய்வு பெற்ற உடற்கல்வி ஆசிரியர் ஒருவர்
கல்குளம் வட்டம், கன்னியாகுமரி மாவட்டம்