புகார் கொடுக்க வருபவரிடம் எந்த நாடு என்று கேட்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அமெரிக்காவில் உள்ளூர் போலீசே சட்டவிரோதக் குடியேறிகளைப் பிடித்துக் கொடுப்பது சரிதான், நம் ஊரிலும் ஒவ்வொரு ஸ்டேஷனும் அப்படிச் செய்ய வேண்டும் என்று போன வாரம் ஒரு வாசகர் எழுதியிருந்தார். படித்ததிலிருந்து மனசு கேட்கவில்லை, அதனால்தான் இந்தக் கடிதம்.

முதலில் அமெரிக்கா. விசா முடிந்தும் அங்கே தங்கியிருப்பது பொதுவாக சிவில் விவகாரம்தான், அதைக் கவனிக்க 'ஐஸ்' என்ற மத்திய அமைப்பு தனியாக இருக்கிறது. அங்கே குடியேற்றச் சட்டத்தில் 1996இல் வந்த 287-ஜி பிரிவின்படி உள்ளூர் போலீசுக்குப் பயிற்சி கொடுத்து அந்த அதிகாரத்தில் கொஞ்சம் பகிரலாம், ஆனால் இரு தரப்பும் ஒப்பந்தம் போட்டால்தான். அரிசோனா மாநிலம் 2010இல் இன்னும் ஒரு படி மேலே போய், சட்டவிரோதக் குடியேறிகளுக்கு எதிராகத் தானே ஒரு சட்டம் போட்டது. வழக்குக்கு வந்த நான்கு பிரிவுகளில் மூன்றை உச்ச நீதிமன்றம் 2012இல் நீக்கிவிட்டு, வேறு காரணத்துக்காகப் போலீஸ் நிறுத்திய ஒருவர் மேல் சந்தேகம் வந்தால் அவரது குடியேற்ற நிலையை விசாரிக்க வேண்டும் என்ற பிரிவை மட்டும் அப்போதைக்கு விட்டுவைத்தது. அதே மாநிலத்தின் மாரிகோபா கவுண்டியில் (நம் மாவட்டம் மாதிரி) ஷெரீஃப், அதாவது அந்தக் கவுண்டியின் போலீஸ் தலைவர், ஜோ ஆர்பாயோவின் ஆட்கள் லத்தீன் அமெரிக்க முகத்தைப் பார்த்தே வண்டிகளை நிறுத்தினார்கள் என்று 2013இல் ஒரு நீதிபதி தீர்ப்பே எழுதினார்.

இதையெல்லாம்விட என்னை உலுக்கியது ஹூஸ்டன் சேதி. என் தங்கை மகள் அங்கே இருப்பதால் அந்த ஊர்ச் செய்தி என்றால் நின்று படிப்பேன். 2017இல் அங்கே காவல் தலைவராக இருந்த ஆர்ட் அசெவெடோ, ஹிஸ்பானிக் (லத்தீன் அமெரிக்க வம்சாவளி) மக்களிடமிருந்து வரும் பாலியல் வன்முறைப் புகார்கள் முந்தைய ஆண்டைவிட 40 சதவீதத்துக்கு மேல் குறைந்துவிட்டன என்றார். குற்றம் குறைந்துவிட்டது என்று அவர் சந்தோஷப்படவில்லை, பயந்துபோய் யாரும் ஸ்டேஷனுக்கு வருவதில்லை என்று கவலைப்பட்டார். இது நடக்கும் என்று தெரிந்துதானே லாஸ் ஏஞ்சலீஸ் போலீஸ் 1979லேயே, ஒருவரின் குடியேற்ற நிலையைக் கண்டுபிடிப்பதற்கென்றே அவரிடம் போகக் கூடாது என்று தன் ஆட்களுக்கு உத்தரவு போட்டது?

சரி, அது அமெரிக்கா. நான் இருப்பது வளசரவாக்கம். எங்கள் வீட்டுப் பின் போர்ஷனில் மேற்கு வங்காளம் மால்டா மாவட்டத்துப் பையன்கள் நாலு பேர் வாடகைக்கு இருக்கிறார்கள், எல்லாரும் கட்டட வேலைக்குப் போகிறவர்கள். அதில் ஒருவனுக்கு மேஸ்திரி இரண்டு மாதக் கூலி தரவில்லை. கேட்கப் போனவனைக் கன்னத்தில் அறைந்து அனுப்பியிருக்கிறார். வாடா, ஸ்டேஷனில் ஒரு புகார் கொடுத்துவிட்டு வருவோம், நானும் கூட வருகிறேன் என்று கூப்பிட்டேன். "வேணாம் சார், போலீஸ் வேணாம் சார்" என்று கையெடுத்துக் கும்பிட்டான். அவன் சித்தப்பா மகனை வேறொரு மாநிலத்தில் வேலை பார்த்த இடத்திலிருந்து பங்களாதேஷ்காரன் என்று சொல்லிக் கொண்டுபோய் ஐந்து நாள் வைத்திருந்தார்களாம். ஆதார் காட்டியும் நம்பவில்லையாம். எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே பாஷை, அதற்கு இவர்கள் என்ன செய்வார்கள்?

இது நமக்குப் புரியாத விஷயமா? 1991க்குப் பிறகு யாழ்ப்பாணத் தமிழ் காதில் விழுந்தாலே இந்த ஊரில் வீடு கொடுக்கத் தயங்கினோம், அவர்களும் ஸ்டேஷனில் போய்ப் பதிய வேண்டியிருந்தது. பக்கத்து வீட்டில் அப்போது குடியிருந்த ஒரு அம்மா, சங்கிலி பறிபோனதைக்கூட வெளியே சொல்லாமல் இருந்தது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

நம் அரசியல் சாசனத்தில் காவல் துறை மாநிலப் பட்டியலில் இருக்கிறது, குடியுரிமையும் அயல்நாட்டவர் விவகாரமும் மத்தியப் பட்டியலில். ஆனாலும் அயல்நாட்டவரைக் கண்டுபிடிக்கும் அதிகாரத்தை மத்திய அரசு மாநிலங்களிடம் எப்போதோ ஒப்படைத்துவிட்டதால், நடைமுறையில் வேலை ஸ்டேஷன் தலையில்தான் விழுகிறது. போலி பாஸ்போர்ட் கும்பலைப் பிடிக்கட்டும், குற்றம் செய்து மாட்டியவன் எந்த நாட்டுக்காரன் என்று தாராளமாக விசாரிக்கட்டும், அதில் எனக்கு மறுப்பே இல்லை. என் வயிறு எரிவது அடிபட்டவனும் ஏமாந்தவனும் வாசல் வரைக்கும்கூட வரப் பயப்படுவதைப் பார்த்துத்தான்.

அதனால் சென்னை போலீஸ் கமிஷனருக்கு உங்கள் பத்திரிகை வழியாக ஒரு வேண்டுகோள். புகார் கொடுக்க வருபவரிடமும் சாட்சி சொல்ல வருபவரிடமும் குடியுரிமை பற்றிக் கேட்கக் கூடாது என்று ஒரு சுற்றறிக்கை போடுங்கள். அதைத் தமிழிலும் இந்தியிலும் வங்காளியிலும் எழுதி ஒவ்வொரு ஸ்டேஷன் வாசலிலும் ஒட்டுங்கள். அப்படி ஒன்று ஒட்டினால் முதல் ஆளாக அந்தப் பையனை நானே கூட்டிக்கொண்டு வருகிறேன், கூலிக் கணக்கு எழுதின நோட்டை அவன் இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறான்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், வளசரவாக்கம், சென்னை