ஸ்லைடு பின்னைக் கழற்றிப் பார்க்கச் சொன்ன அண்ணனுக்கு நன்றி

பழைய ஆல்ட்டோ காரில் உட்பக்க பிரேக் பேட் தகடு தெரியத் தேய்ந்து, வெளிப்பக்க பேட் பாதிக்கு மேல் மிச்சமிருந்தது. நான் போட்ட படத்தைப் பார்த்ததுமே, "புது பேட் போட்டால் மட்டும் தீராது, ஸ்லைடு பின் இறுகியிருக்கும்" என்றீர்கள் அண்ணா. அதேதான். பேட்களை டிஸ்க்கில் அழுத்தும் காலிப்பர் அந்தப் பின்மேல்தான் நகரும்; பின்னில் கிரீஸ் காய்ந்து, துரு பிடித்து, காலிப்பர் நகராமல் நின்றுவிட்டது. பிஸ்டன் தள்ளும் உட்பக்கம் மட்டும் தேய்ந்ததற்குக் காரணம் அது.

பின்னைக் கழற்றித் துரு போகத் தேய்த்து, பின்னை மூடும் ரப்பர் உறையைத் துடைத்து, சிலிகான் கிரீஸ் மெல்லிசாகப் பூசினால் விரலாலேயே நகர்கிறது. சாதா கிரீஸ் போட்டால் ரப்பர் உப்பி மறுபடி இறுகும் என்று நீங்கள் எச்சரித்தது பெரிய உதவி. கடைகளில் பலர் அதைத்தான் அப்பிவிடுகிறார்கள்.

காலிப்பரை பிரேக் ஆயில் ஹோஸில் (குழாயில்) தொங்கவிடாமல் கம்பியால் ஸ்பிரிங்கில் கட்டச் சொன்னதும், பிஸ்டனை உள்ளே தள்ளும் முன் பிரேக் ஆயில் டப்பாவின் மட்டத்தைப் பார்க்கச் சொன்னதும் அப்படியே செய்தேன். இடையில் ஆயில் ஊற்றி நிரப்பிய வண்டியென்றால், பிஸ்டனைத் தள்ளும்போது ஆயில் டப்பாவுக்குத் திரும்பி வழிந்து பெயின்ட்டை அரித்துவிடும். கொஞ்சம் உறிஞ்சி எடுத்துவிட வேண்டும்.

மாட்டியதும் வண்டியை எடுக்காமல், மிதி கெட்டியாகும்வரை பிரேக்கை மிதிக்க வேண்டும். இதை மறந்தால் முதல் மிதி தரையைத் தொடும், வண்டி நிற்காது. புதிதாகச் செய்பவர்களுக்கு இதை முதலில் சொல்லுங்கள் அண்ணா.

பெயர் போட வேண்டாம் என்றீர்கள், போடவில்லை. ரொம்ப நன்றி.